மாட்டுத் தொட்டித் தண்ணீரையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஊராட்சிக் குடிநீர்த் தொட்டிகளில் மாதிரி எடுத்துச் சோதிக்கப் போவதாக நம் மாவட்டப் பக்கத்தில் போன வாரம் ஒரு செய்தி வந்திருந்தது. நல்ல வேலை, நடக்கட்டும். ஆனால் இரண்டு தடவை படித்தும் மாடு குடிக்கிற தண்ணீரைப் பற்றி அதில் ஒரு வரி கூட என் கண்ணில் படவில்லை. கால்நடை ஆய்வாளராக 31 வருஷம் டெல்டாவில் சைக்கிளிலும் அப்புறம் மொபெட்டிலும் ஊர் ஊராகப் போனவன் நான். தண்ணீர், விஷம் என்று பேச்சு வரும்போதெல்லாம் மனுஷனைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். இந்தக் கடிதம் மாட்டுக்காக, குறிப்பாக ஆர்சனிக் என்கிற ஒரு விஷத்துக்காக.

ஆர்சனிக் என்றால் புதுசாகத் தெரியலாம். பாஷாணம் என்றால் எல்லோருக்கும் தெரியும். சித்த வைத்தியத்தில் சொல்லும் வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை மூன்றிலும் இருப்பது இதுதான். ஒரே வாயில் நிறைய உள்ளே போனால் என்ன ஆகும் என்று கிராமத்தில் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உள்ளே போனால் ஒரு மாட்டின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன நேரும் என்பதுதான் தெரியாது. எனக்கும் ஒரு மாட்டை இழக்கும் வரை தெரியாது.

சுமார் 15 வருஷத்துக்கு முன்னால் நடந்தது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊர். நெல் அவித்து அரிசி விற்கும் ஒரு அக்கா, ஒரு ஜெர்சி கலப்புப் பசுவும் நாலு ஆடும் வைத்திருந்தார். பசு ரெண்டாம் ஈத்து, எட்டு லிட்டர் கறந்தது. தை மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இளைக்க ஆரம்பித்தது. நான் போய்ப் பார்த்தேன். குடற்புழு மருந்து கொடுத்தேன். இருபது நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார், இந்தப் பக்கம் வாய்க்கால் ஓரப் புல் மேய்கிற மாட்டுக்கு ஈரல் புழு சகஜம் என்பதால் அதற்கும் மருந்து கொடுத்தேன். கொஞ்சம் தேறின மாதிரி இருந்தது, அப்புறம் பழையபடி ஆகிவிட்டது. பால் மூணு லிட்டருக்கு இறங்கியது.

"டாக்டர் தம்பி, காச்சலும் இல்ல, மூக்கும் ஈரமாத்தான் இருக்கு. தீனியத் தள்ளிட்டுத் தண்ணியத்தான் குடிக்குது. எப்பப் பாத்தாலும் தாகம். சாணி ஒரு நாள் கெட்டியா போடுது, மறுநாள் தண்ணியா ஊத்துது" என்றார். நான் ஆய்வாளர்தான், மருத்துவர் இல்லை, ஆனாலும் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்த அக்கா சொன்ன நாலு வரியில் நோயின் முழு விவரமும் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இளைத்துக்கொண்டே போவது, ஓயாத தாகம், காய்ச்சல் இல்லாமை, நாடி பலவீனமாக ஒழுங்கில்லாமல் அடிப்பது, கண் இமையைப் புரட்டினால் உள்ளே செங்கல் நிறம். நாள்பட்ட ஆர்சனிக் விஷத்துக்குக் கால்நடை மருத்துவப் புத்தகங்களில் எழுதியிருக்கும் அடையாளங்கள் இவைதான். நான் ஈறையும் பார்த்தேன், இமையையும் புரட்டிப் பார்த்தேன். ரத்தசோகை இருந்தால் வெளுத்திருக்கும், இது சிவப்பாக இருக்கிறது, அதனால் பயமில்லை என்று நினைத்துவிட்டேன்.

ஆடி பிறப்பதற்குள் ஆடு ரெண்டு போனது. அப்புறம் பசு ஆறு மாதச் சினையோடு கன்று வீசியது. அடுத்த வாரம் பசுவும் படுத்துவிட்டது.

வழக்கமாக என்ன நடக்கும் தெரியுமா? காப்பீடு செய்த மாடாக இருந்தால் பிரேதப் பரிசோதனை நடக்கும், இல்லாவிட்டால் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இந்த மாட்டுக்குக் காப்பீடு இல்லை. ஆனால் ஒரே கொட்டகையில் மூணு உயிர் போய்விட்டதே என்று எங்கள் மருந்தக மருத்துவர், அப்போதுதான் படித்து முடித்து வந்த இளைஞர், அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். நான் பக்கத்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வயிற்றைத் திறந்ததும் முதலில் பட்டது, சிறுநீரகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கட்டியாக இருக்க வேண்டிய கொழுப்பு கரைந்து சளி மாதிரி வழிந்ததுதான். அது எந்தப் பட்டினி மாட்டுக்கும் வரும். ஈரல் அப்படி இல்லை. நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூராக இருக்கும். இது மஞ்சள் பூசின மாதிரி வெளுத்து, ஓரம் மழுங்கி, விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்கு நொய்ந்துபோயிருந்தது. கத்தியால் கீறினால் கத்தியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. ஈரல் செல்லுக்குள் கொழுப்பு தேங்கி நின்றால் இப்படித்தான் ஆகும். சிறுநீரகம் ரெண்டும் வீங்கி வெளுத்திருந்தன. நாலாவது இரைப்பையின் உள்பக்கம் சிவந்து, மடிப்பு மடிப்பாகத் தடித்து, ஜெல்லி மாதிரி நீர் கோத்திருந்தது. இதயத்தைத் திறந்தால் உள்சுவரில் மிளகு தூவின மாதிரி ரத்தப் புள்ளிகள். மருத்துவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அண்ணே, இது புழு இல்லண்ணே" என்றார்.

ஈரலிலும் சிறுநீரகத்திலும் துண்டு எடுத்து ரெண்டு விதமாக வைத்தோம். திசு பார்ப்பதற்கு ஃபார்மலினில் ஒன்று, விஷம் பார்ப்பதற்கு எதுவும் ஊற்றாமல் ஐஸில் ஒன்று. வால் குஞ்சத்து முடியையும் அடியோடு வெட்டி ஒரு காகித உறையில் போட்டோம். முடிவு வர ஒன்றரை மாதம் ஆனது. ஈரல், சிறுநீரகம், முடி மூன்றிலும் ஆர்சனிக்.

எங்கிருந்து வந்தது என்று தேடினோம். தண்ணீர் காரணம் இல்லை, பக்கத்து வீட்டு மாடும் அதே பம்புத் தண்ணீரைத்தான் குடித்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சாம்பல் மேடு இருந்தது. அக்கா நெல் அவிக்க விறகு வாங்குவார். அந்த வருஷம் எங்கோ இடித்த ஒரு பழைய ஆலையிலிருந்து வந்த மரச் சட்டங்கள் மலிவாகக் கிடைத்தன. லேசாகப் பச்சை ஓடிய, கரையான் தொடாத மரம். விற்றவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். மரம் உளுக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றுகிற முறை ஒன்று உண்டு. 1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொந்தி காமேசம் என்கிற நம் நாட்டுக்காரர் கண்டுபிடித்தது, உலகம் முழுக்கப் பரவியது. கம்பத்துக்கும் தண்டவாளக் கட்டைக்கும் ஆலைச் சட்டத்துக்கும் அருமையான மருந்து. ஆனால் அந்த மரத்தை அடுப்பில் வைத்தால் ஆர்சனிக் எரிந்து ஒழியாது. ஒரு பங்கு புகையோடு போகும், பெரும்பங்கு சாம்பலிலேயே தங்கிவிடும். சாம்பல் உப்புக் கரிக்கும். உப்புச் சத்துக் குறைந்த மாடு சாம்பலைக் கண்டால் விடாது. பசு கட்டின இடத்திலிருந்து கழுத்தை நீட்டினால் அந்த மேடு எட்டும். தினம் ரெண்டு நக்கு. ஏழு மாதம்.

அது ஏன் ஒரே நாளில் விழவில்லை, ஏன் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடித்தது என்று அப்புறம் அந்த மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உடம்பில் தீனியைச் சக்தியாக மாற்றும் நொதிகளில் பலவற்றுக்குக் கந்தகம்தான் கைப்பிடி. ஆர்சனிக்கின் கொடிய வடிவம் அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. கைப்பிடி போனால் நொதி வேலை செய்யாது, செல்லுக்குச் சக்தி வராது. எந்த உறுப்பு ஓயாமல் உழைக்கிறதோ அது முதலில் அடிபடும். குடலின் உள்தோல், ஈரல், சிறுநீரகத்தின் நுண்குழல்கள், தோல். கூடவே மெல்லிய ரத்த நாளங்களைத் தளர்த்திவிடும், ரத்தத்தின் நீர் கசிந்து குடலுக்குள் இறங்கும். அதனால்தான் அந்தக் கழிச்சலும் தாகமும். அந்தச் செங்கல் சிவப்பும் ரத்தம் நிறைந்திருப்பதன் அடையாளம் இல்லை, நாளங்கள் தளர்ந்து விரிந்திருப்பதன் அடையாளம்.

ஈரல் சும்மா இருப்பதில்லை. உள்ளே வந்த ஆர்சனிக்கை மாற்றிச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மாடு பெரும்பகுதியை இப்படிக் கழித்துவிடும். ஆனால் தள்ளுகிற வேகத்தைவிட வருகிற வேகம் கொஞ்சம் கூடினால் போதும், அந்தக் கொஞ்சம் மாதக்கணக்கில் ஈரலிலும் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும் நுரையீரலிலும் சேரும். நாள் போகப் போக ஈரலில் நார் விழும். எலும்பு மஜ்ஜை அடிபட்டால் ரத்த அணு குறையும், நோய் எதிர்ப்பு குறையும். கிடாரி பருவத்துக்கு வராது, வந்தாலும் சினை நிற்காது. காளைக்கு விந்தின் தரம் குறையும். இதில் எதுவும் "நான் ஆர்சனிக்" என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. நாள்பட்ட விஷம் குடித்த மனிதனுக்காவது உள்ளங்கையில் தோல் தடிக்கும், உடம்பில் கரும்புள்ளி விழும், பார்த்தவுடன் ஒரு தோல் மருத்துவர் சந்தேகப்படுவார். மாட்டுக்கு ரோமம் மூடியிருக்கிறது. முடி பொலிவிழந்து சிலிர்த்து நிற்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து நாம் எல்லோரும் சொல்வது ஒன்றே: புழு, அல்லது தீனி போதவில்லை.

முடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோதனைக்கு அதுதான் சுலபமான வழி. முடி, குளம்பு, கொம்பு மூன்றும் கந்தகம் நிறைந்த புரதம், அதனால் ஆர்சனிக் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நக்குவதை நிறுத்திவிட்டால் ரத்தத்திலும் சிறுநீரிலும் சில நாளில் குறைந்துவிடும், ஈரலிலும் இறங்கிவிடும், முடியில் மட்டும் அப்படியே நிற்கும். ஆஸ்திரேலியாவில் பார் லாப் என்று ஒரு புகழ்பெற்ற பந்தயக் குதிரை, 1932-ல் அமெரிக்காவில் வைத்துத் திடீரென்று செத்தது. 70 வருஷத்துக்கு மேல் கழித்து, பாடம் பண்ணி வைத்திருந்த அதன் பிடரி முடியை எடுத்துச் சோதித்தவர்கள், சாவதற்கு ரெண்டு நாளுக்குள் அதன் உடம்பில் ஆர்சனிக் ஏறியிருக்கிறது என்று கண்டார்கள். அத்தனை வருஷத்துக்கு அப்புறமும் முடி சாட்சி சொல்கிறது என்றால், நம் கொட்டகையில் நிற்கும் மாட்டின் வாலில் ஒரு கொத்து வெட்டி அனுப்புவது பெரிய காரியமா?

சாம்பல் கதையை விடுங்கள், அது ஒரு கொட்டகையில் நடந்தது. தண்ணீரும் வைக்கோலும்தான் ஊர் முழுக்கப் போகிறவை. இந்தியாவில் இதற்குப் பாடம் மேற்கு வங்காளம். ஆற்றுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் குடித்து வாந்திபேதியில் சாகிறார்கள் என்று ஊருக்கு ஊர் குழாய்க் கிணறு இறக்கினார்கள், நல்ல எண்ணத்தோடுதான். 1980-களின் தொடக்கத்தில் தோல் நோயோடு வந்தவர்களைப் பார்த்துத்தான் நிலத்தடி நீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. பத்து வருஷம் கழித்து வங்கதேசத்திலும் அதே கதை. அங்கே குழாய்களைச் சோதித்து, நல்ல தண்ணீருக்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்தார்கள். ஆலைக் கழிவு எதுவும் அங்கே காரணம் இல்லை. மலையிலிருந்து வந்த வண்டலில் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்த ஆர்சனிக், இலை தழையோடு சேர்ந்து புதைந்து, காற்றுப் படாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் அந்தத் துருவைக் கரைத்தபோது தண்ணீரில் இறங்கிவிட்டது.

காவிரி கொண்டுவந்த வண்டல் இமயத்து வண்டல் இல்லை. அங்கே இருப்பது இங்கேயும் அப்படியே இருக்கும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் இளம் வண்டல், களிமண்ணுக்கு அடியில் மக்கின தழை, குடத்தில் பிடித்து வைத்தால் ராத்திரிக்குள் செம்படலம் கட்டும் துரு வாடைத் தண்ணீர், இதெல்லாம் வெண்ணாற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எந்த ஊர்க்காரருக்கும் பழகினதுதான். துரு வாடை அடித்தாலே ஆர்சனிக் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. சோதித்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது என்று அர்த்தம். என் வீட்டு போர்த் தண்ணீரைப் போன வருஷம் கொடுத்துச் சோதித்தேன். கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், ஃப்ளோரைடு, இரும்பு எல்லாம் வரிசையாக எழுதித் தாள் கொடுத்தார்கள். ஆர்சனிக் என்று ஒரு வரியே இல்லை. கேட்டால் அது தனிச் சோதனையாம், தனியாகக் கேட்க வேண்டுமாம்.

ஒரு கணக்கு போடுவோம். மனிதர் குடிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993-ல் சொன்னது. நம் நாட்டுத் தரமும் அதையே வைத்திருக்கிறது. மாட்டுத் தண்ணீருக்கு ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1985-ல் வெளியிட்ட அளவு 0.2 மில்லிகிராம். கனடா வைத்திருப்பது 0.025. ஒரே மாட்டுக்கு எட்டு மடங்கு வித்தியாசம். சரி, நடுவில் 0.05 என்று வைத்துக்கொள்வோம். மனிதர் மூணு லிட்டர் குடித்தால் 0.15 மில்லிகிராம். கறவை மாடு கோடையில் 50 லிட்டர் குடித்தால் இரண்டரை மில்லிகிராம். அதே தண்ணீரில் பயிர் வளர்ந்து, ஒரு கிலோ வைக்கோலில் 2 மில்லிகிராம் ஏறியிருந்தால், ஆறு கிலோ தின்கிற மாட்டுக்கு வைக்கோலில் மட்டும் 12. தண்ணீரில் வருவதைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. தொட்டித் தண்ணீரைச் சோதித்துவிட்டு வைக்கோலை விட்டால் பாதி வேலை கூட முடியவில்லை என்று அர்த்தம்.

வைக்கோல் ஏன் என்றால், நெல் மற்ற தானியம் மாதிரி இல்லை. தண்ணீர் கட்டின வயலில் காற்று இல்லாமல் போகும்போது ஆர்சனிக் அதன் கொடிய வடிவத்துக்கு மாறுகிறது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை இழுக்கிற பயிர், வைக்கோல் சொரசொரவென்று கையை அறுப்பது அதனால்தான். சிலிக்கா போகிற அதே வாசல் வழியாக ஆர்சனிக்கும் உள்ளே நுழைந்துவிடுகிறது. வேரில் அதிகம், அடுத்தது வைக்கோல், அப்புறம் உமி, அரிசியில் கடைசி. நமக்குக் குறைந்த பங்கு, மாட்டுக்குக் கூடின பங்கு. வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்காமல், காய விட்டுப் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் பயிர் இழுக்கும் ஆர்சனிக் குறைகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்க என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் அதே முறைதான்.

இப்படியே சுற்றுகிறது. வைக்கோலில் வந்தது சாணியிலும் மூத்திரத்திலும் இறங்கும், சாணி எருவாகித் திரும்ப வயலுக்கே போகும். வரட்டி தட்டி எரித்தால் புகையில் வரும். வங்காளத்தில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாலைப் பற்றி உடனே கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: மாட்டின் உடம்பில் ஏறும் ஆர்சனிக்கில் பாலில் இறங்குவது ரொம்பக் கொஞ்சம். பாலை நிறுத்தத் தேவையில்லை, வீண் பீதி வேண்டாம். உள்ளுறுப்புதான் யோசிக்க வேண்டிய இடம். சோகை பிடித்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் தேடி வாங்கிக் கொடுக்கிறோம். இறைச்சியைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் மண்ணீரலிலும்தான் இது கூடுதலாகச் சேரும், சுவரொட்டி என்பது மண்ணீரல்தான். நல்ல ஆட்டின் ஈரலில் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழேதான் ஆர்சனிக் இருக்கும். விஷத்தில் செத்த கால்நடையின் ஈரலில் அது 3-ஐத் தாண்டும். நோய்வாய்ப்பட்டு இளைத்த ஆட்டைக் கடைசி நேரத்தில் அறுத்து விற்கிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, நான் புதுசாகச் சொல்ல வேண்டியதில்லை.

நாகைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: மீனில் ஆர்சனிக் என்று எங்காவது படித்தால் கலங்க வேண்டாம். கடல் மீனிலும் இறாலிலும் இருப்பதில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்த கரிம வடிவம், உடம்பில் தங்காமல் வெளியேறிவிடும். அதே ஆர்சனிக்கின் இன்னொரு கரிம வடிவத்தை அமெரிக்காவில் கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று வருஷக்கணக்கில் கலந்தார்கள், கேடில்லை என்றுதான் சொன்னார்கள். 2011-ல் அரசே கோழி ஈரலைச் சோதித்தபோது கொடிய வடிவம் அதில் தெரிந்தது, விற்பனையை நிறுத்தினார்கள். எந்த வடிவம், எந்த உறுப்பு என்று ரெண்டையும் பார்க்காமல் பேசக் கூடாது. எலியை வைத்துச் செய்த சோதனையை அப்படியே மாட்டுக்குப் பொருத்துவதும் தப்பு, எலியின் ரத்தச் சிவப்பணு ஆர்சனிக்கை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், மாடு அப்படி இல்லை.

மருந்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆர்சனிக் கலந்த போர் விஷவாயுவுக்கு முறிமருந்தாக இங்கிலாந்தில் கண்டுபிடித்த டைமெர்காப்ரால், அப்புறம் சோடியம் தயோசல்பேட். எல்லாம் கந்தகம் உள்ள மருந்துகள்தான், நொதியை விட்டு இதைப் பிடித்துக்கொள் என்று ஆர்சனிக்குக்கு நீட்டுகிற கந்தகம். ஆனால் நாள்பட்டு ஈரல் நொய்ந்துபோன மாட்டுக்கு மருந்தைவிடப் பலன் தருவது ஒன்றே, உள்ளே போகிற வழியை அடைப்பது. அதற்கு வழி எது என்று தெரிய வேண்டும்.

அதனால் அதிகாரிகளிடம் நான் கேட்பது இதுதான். ஊராட்சித் தொட்டியில் மாதிரி எடுக்கப் போகிறவர்கள் அதே நடையில் ஊருக்கு நாலு மாட்டுத் தொட்டியிலும் ஒரு பாட்டில் பிடிக்கட்டும், சோதனைத் தாளில் ஆர்சனிக்குக்கு ஒரு வரி சேர்க்கட்டும். கையில் எடுத்துப்போகிற சோதனைப் பெட்டியும் உண்டு. தண்ணீரில் துத்தநாகத்தூளும் அமிலமும் போட்டால் ஆர்சனிக் வாயுவாகக் கிளம்பும், மூடியில் வைத்த வெள்ளைக் காகிதம் அளவைப் பொறுத்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். ஐயப்படும்படி இருந்தால் மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். ஊருக்கு ரெண்டு வைக்கோல் போரிலிருந்து ஒரு பிடி எடுங்கள். புழு மருந்து ரெண்டு தடவை கொடுத்தும் தேறாத மாட்டின் வால் முடியை மருந்தகத்திலேயே வெட்டி உறையில் போட்டு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். காப்பீடு இருக்கிறதா என்று பார்க்காமல், காரணம் தெரியாமல் செத்த மாட்டை அறுத்துப் பாருங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, டெல்டாவுக்கு நடுவில், படிக்கிற பிள்ளைகளுக்கும் இது நல்ல வேலை. கொருக்கை அரசு கால்நடைப் பண்ணையில் உம்பளாச்சேரி மாடுகள் இருக்கின்றன. இந்த மண்ணின் தண்ணீரையும் வைக்கோலையும் மட்டுமே தலைமுறை தலைமுறையாகத் தின்று வளர்ந்த இனம் அது. அங்கிருந்தே தொடங்கலாம்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு: பச்சை ஓடின பழைய மரத்தை விறகாக வாங்காதீர்கள், தெரியாமல் எரித்திருந்தால் சாம்பலை மாடு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள், வயலில் கொட்டாதீர்கள், பாத்திரம் துலக்காதீர்கள். கொட்டகையில் ஒரு உப்புக்கட்டி தொங்கவிடுங்கள், தீனியில் தாது உப்பு போடுங்கள். உப்பு கிடைக்கிற மாடு சாம்பலைத் தேடிப் போகாது. அந்த அக்கா மிச்சமிருந்த ரெண்டு ஆட்டையும் தெருவின் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டினார். ரெண்டும் தேறின. முடி மறுபடி பளபளப்பு ஏற நாலு மாதம் ஆனது.

காலத்தைப் பற்றி ஒன்று. மாதிரி எடுப்பதை ஆடி ஆவணிக்குத் தள்ளிவிடாதீர்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் மாடு வாய்க்காலில் இறங்கிக் குடிக்க ஆரம்பித்துவிடும், தொட்டியில் பிடிப்பதும் ஆற்றுத் தண்ணீர் கலந்ததாக இருக்கும். மாசியிலிருந்து வைகாசி வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும், மாட்டுக்குப் போர்த் தண்ணீர் ஒன்றே கதி. சம்பா, தாளடி வைக்கோலும் அப்போது போரில் முழுசாக இருக்கும். எடுப்பதானால் அந்த மாதங்களில் எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி வட்டம்.